வெளிநாட்டு நோயாளிகளுக்கு வழித்துணையாக ஒரு தொழில்: தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது

வேலூரில் அப்பா நடத்திய லாட்ஜில் 12 அறைகள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். 1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனை அது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அதைச் சுற்றியிருந்த தெருக்களில் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருபவர்கள் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தங்குவார்கள். அறைக்கு ஒரு ஸ்டவ்வும் நாலு பாத்திரமும் வாடகைக்குக் கொடுப்போம். அவர்களுடைய பிள்ளைகளோடு மொட்டைமாடியில் விளையாடித்தான் எனக்கு வங்காளம் வந்தது. சாயங்காலம் அப்பா கார்பன் தாள் வைத்து சி ஃபார்ம் எழுதுவார், வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் அது. பாஸ்போர்ட் நம்பரை நான் வாசித்துச் சொல்வேன்.

பின்னால் சென்னையில் ஒரு மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். 2012-ல் வெளியே வந்து, சிகிச்சைக்கு வருகிற வெளிநாட்டவருக்கு மருத்துவமனை, தங்குமிடம், மொழிபெயர்ப்பு எல்லாம் ஏற்பாடு செய்யும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினேன். இப்போது ஆயிரம் விளக்குப் பக்கம் ஓர் அலுவலகம், என்னையும் சேர்த்து ஏழு பேர். இந்தத் தொழிலில் இறங்க நினைக்கும் பிள்ளைகள் அடிக்கடி போன் செய்கிறார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, கமிஷன் எவ்வளவு வரும்?" அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அது வர வேண்டிய இடத்தில் வரட்டும்.

ஒரு நாடு, இரண்டு நோய்

எந்த நாட்டிலிருந்தும் வரலாம், எந்த நோய்க்கும் ஏற்பாடு செய்வோம் என்று விளம்பரம் போடாதீர்கள். மூன்று பேர் நடத்தும் அலுவலகத்தால் அது நடக்காது. ஒரு நாட்டையும் இரண்டு சிகிச்சைப் பிரிவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வங்கதேசத்தை எடுத்தேன். சிகிச்சையில் இதயமும் கண்ணும். மொழி தெரியும். அந்த ஊர்க்காரர்கள் எதற்குப் பயப்படுவார்கள், எதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பதும் ஓரளவு தெரியும். சென்னையில் இந்த இரண்டு பிரிவுகளிலும் பழுத்த அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா 1978-ல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கியது. கிரீம்ஸ் சாலையில் அப்போலோ 1983-லிருந்து இயங்குகிறது. நீங்கள் மதுரைக்காரராக இருந்தால் சென்னைக்கு ஓடி வர வேண்டியதில்லை. 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. நீங்கள் இருக்கும் ஊரில் எது நன்றாக நடக்கிறதோ அதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

நாட்டை முடிவு செய்ததும் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் டாக்காவில் 12 நாள் இருந்தேன். பெரிய ஹோட்டலில் கூட்டம் போடவில்லை. ஸ்கேன் சென்டர் வாசலிலும் மருந்துக் கடைகளிலும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். எந்த சிகிச்சை அங்கேயே நன்றாகக் கிடைக்கிறது, எதற்காக வெளியே போகிறார்கள், போய்வந்தவர்கள் எதில் ஏமாந்தார்கள் என்பதெல்லாம் அந்த 12 நாளில் தெரிந்தது. அங்கே எழுதிய நோட்டுதான் என் முதல் மூலதனம்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது தரத்துக்குச் சான்று தரும் அமைப்புகளான என்.ஏ.பி.எச். (இந்தியா), ஜே.சி.ஐ. (சர்வதேசம்) அங்கீகாரத்தைப் பாருங்கள், அது அடிப்படை. அதோடு நிற்க வேண்டாம். ஒருநாள் ஓபியில் காத்திருப்பவர்களோடு காலையிலிருந்து மதியம் வரை உட்காருங்கள். இரவு 11 மணிக்கு அவர்களுடைய வெளிநாட்டு நோயாளிகள் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். எடுக்கிறார்களா, எடுத்தவருக்கு விஷயம் தெரிகிறதா என்று பாருங்கள். நோயாளிக்குப் பிரச்சினை வருவது அந்த நேரத்தில்தான். ஒரே சிகிச்சைக்கு மூன்று மருத்துவமனைகளையாவது கைவசம் வைத்திருங்கள். ஒரே இடத்தை நம்பினால் நீங்கள் அவர்களுடைய விற்பனை ஆள் ஆகிவிடுவீர்கள்.

தொழிலைப் பதிவு செய்வது, நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் ஒரு நல்ல ஆடிட்டர் இருந்தால் சில வாரங்களில் முடியும். சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, நாம் செய்யும் ஏற்பாட்டு வேலைக்கு அந்த விலக்கு கிடையாது. இதை முதல் நாளே ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். மருத்துவப் பயண ஏற்பாட்டாளர்களைப் பட்டியலில் சேர்க்க என்.ஏ.பி.எச். தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஒரு வருடம் ஓட்டிய பிறகு அதற்கு விண்ணப்பியுங்கள்.

ஃபைல்தான் தொழில்

முதல் தொடர்பு இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த போட்டோ, பாதி வெட்டுப்பட்ட ரிப்போர்ட், கீழே "எவ்வளவு ஆகும்?" என்று ஒரு வரி. இதை அப்படியே மருத்துவமனைக்குத் தள்ளிவிட்டு வருகிற தொகையைத் திருப்பி அனுப்புவதுதான் பலர் செய்யும் வேலை. அதைச் செய்ய நீங்கள் தேவையில்லை.

முழு ஃபைல் கேளுங்கள். ஸ்கேன் என்றால் படமில்லை, ஸ்கேன் கருவி பதியும் மூலக் கோப்பு, அதாவது டைகாம் வடிவில் இருக்கும் சிடி அல்லது லிங்க் வேண்டும். புற்றுநோய் என்றால் பயாப்சி ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடையும், சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் அந்த ஊர் லேபிலிருந்து கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். இங்கே இருக்கும் டாக்டர்கள் அதை மறுபடி பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். பிளாக் இல்லாமல் வந்தால் திரும்பவும் ஊசி போட்டு சதை எடுக்க வேண்டி வரலாம். ஒரு வாரமும் வீண், வலியும் வீண். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் வேண்டும், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. சர்க்கரை அளவு. முன்பு செய்த ஆபரேஷன்கள்.

அப்புறம் பேசுங்கள். வீடியோவில் அரை மணி நேரம். வங்கதேசத்தின் குமில்லாவிலிருந்து ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், வயிற்றுக்கு எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும் என்று கேட்டார். இரண்டு வருடமாக 'கேஸ்ட்ரிக்' என்றார். அந்த ஊரில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் என்ன வந்தாலும் கேஸ்ட்ரிக்தான், கையில் ஒரு மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். எப்போது வருகிறது என்று கேட்டேன். மசூதிப் படி ஏறும்போது என்றார். சாப்பிட்ட பிறகா என்றால் இல்லை, படி ஏறும்போதுதான், நின்றால் போய்விடும். நான் டாக்டர் இல்லை, அதனால் எதுவும் சொல்லவில்லை. அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி இதய நிபுணருக்கு அனுப்பினேன். முதலில் அங்கேயே ஒரு இசிஜி எடுக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே, என்று பதில் வந்தது. கடைசியில் அவர் வந்தது ஆஞ்சியோகிராமுக்கு. மொழிபெயர்ப்பாளர் கேஸ்ட்ரிக்கை 'வயிற்றுக் கோளாறு' என்று எழுதியிருந்தால் அந்த ஃபைல் வேறு டாக்டரிடம் போயிருக்கும்.

இன்னொரு ஃபைலையும் சொல்ல வேண்டும். மைமன்சிங்கிலிருந்து ஒரு பையன் அப்பாவின் ரிப்போர்ட்டுகளை அனுப்பினான். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவியிருந்தது. ரிப்போர்ட்டுகளுக்கு நடுவில் ஒரு நிலப் பத்திரத்தின் போட்டோ. "ஆபா, இதை விற்றால் போதுமா?" என்று கேட்டிருந்தான். அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு மருத்துவமனைகளில் கேட்டேன். இங்கே கொடுக்கப் போகும் கீமோவை டாக்காவிலேயே கொடுக்கலாம், இவ்வளவு தூரம் பயணம் அவருக்குக் கஷ்டம் என்று இரண்டு டாக்டர்களும் சொன்னார்கள். மூன்றாவதாக ஒரு இடத்தில் கேட்டால் "வரச் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்று பதில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. பையனைக் கூப்பிட்டு, நிலத்தை விற்காதே, அப்பாவை அழைத்துக்கொண்டு வராதே என்றேன். டாக்டர்கள் எழுதிக் கொடுத்த கருத்தை அங்கே காட்ட அனுப்பி வைத்தேன். அவன் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

இந்தத் தொழிலில் வர வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். எங்களுக்கு வரும் ஃபைல்களில் நிறைய அப்படித்தான் முடிகின்றன. அதற்காக நான் பணம் வாங்குவதில்லை. கடன் வாங்கி வந்து, இங்கே ஒன்றும் செய்ய முடியாமல், ஸ்ட்ரெச்சரில் திரும்பிப் போகும் ஒருவரை ஒருமுறை விமான நிலையத்தில் வழியனுப்பிப் பார்த்தால் உங்களுக்கும் அது புரியும்.

எஸ்டிமேட், பணம், அப்புறம் கமிஷன்

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். ஒரே தொகையாக இல்லாமல் குறைந்தபட்சம் இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இருக்க வேண்டும். அதில் எத்தனை நாள் வார்டு, எத்தனை நாள் ஐசியூ, உடம்புக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட் சேர்த்தா சேர்க்காமலா, ரத்தம், ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகள், கூட இருப்பவரின் சாப்பாடு, டிஸ்சார்ஜ் மருந்துகள் என்று வரி வரியாகக் கேளுங்கள். 'பேக்கேஜ்' என்ற சொல்லை நம்பி வந்தவர்கள் ஐசியூவில் நாலாவது நாள் கூடும்போதுதான் அதன் எல்லையைத் தெரிந்துகொள்கிறார்கள். நான் நோயாளியிடம் சொல்வது: மேல் தொகைக்கும் மேலே இன்னொரு கால் பங்கு ஏற்பாடு செய்ய முடிந்தால் மட்டும் டிக்கெட் போடுங்கள்.

இதய ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டு மாற்று இம்ப்ளான்ட்டுக்கும் மத்திய அரசு 2017-ல் உச்சவரம்பு விலை வைத்தது. பில்லில் இருக்கும் விலையையும், ஸ்டென்ட் டப்பாவிலிருந்து எடுத்து கேஸ் ஷீட்டில் ஒட்டும் ஸ்டிக்கரையும் ஒப்பிட்டுப் பார்க்க நோயாளியின் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுங்கள்.

பணம் நேராக மருத்துவமனையின் கணக்குக்குப் போகட்டும். உங்கள் கணக்கு வழியாகப் போகவே கூடாது. ரொக்கமாக டாலர் கொண்டு வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: நோட்டாக 5,000 டாலருக்கு மேல், அல்லது டிராவலர்ஸ் செக் எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் இருந்தால் விமான நிலையத்தில் கஸ்டம்ஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாததால் மிச்சப் பணத்தைத் திருப்பி எடுத்துப் போக முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கமிஷன். இந்திய மருத்துவ கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த நெறிமுறைகளின்படி, நோயாளியை அனுப்பியதற்காக ஒரு டாக்டர் கமிஷன் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஆகவே டாக்டர்களோடு தனியாக எந்தக் கணக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவமனை நிர்வாகத்தோடு எழுத்து ஒப்பந்தம், செய்த வேலைக்கு இன்வாய்ஸ், வங்கி வழியாகப் பணம். இது ஒரு பகுதி. மொழிபெயர்ப்பு, தங்குமிடம், விமான நிலைய வேலைக்கு நோயாளியிடம் நேரடிக் கட்டணம். இது இன்னொரு பகுதி. இரண்டும் எவ்வளவு என்று வருவதற்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிடுகிறேன், எழுத்தில்.

பில்லில் சதவீதம் வாங்குவதில்லை என்று 2014-ல் முடிவு செய்தேன். ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று நிலையான தொகைதான். பில் ஏற ஏற என் வருமானமும் ஏறும் என்றால், ஐசியூவில் இன்னொரு நாள் எதற்கு என்று நான் எப்படி வாய் திறந்து கேட்பேன்? இந்த முடிவால் ஒரு மருத்துவமனையோடு ஒப்பந்தம் முறிந்தது, அந்த வருடம் வருமானமும் நன்றாகவே குறைந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு பில்லிங் கவுண்டரில் நோயாளியின் பக்கம் நின்று பேச எனக்குத் தயக்கம் வந்ததில்லை.

விசாவும் தாள்களும்

சிகிச்சைக்கு வருகிறவர் மெடிக்கல் விசாவில்தான் வர வேண்டும் என்று கறாராக இருங்கள். மருத்துவமனை தரும் அழைப்புக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கூட வருகிற நெருங்கிய உறவினர் இரண்டு பேருக்கு மெடிக்கல் அட்டெண்டன்ட் விசா கிடைக்கும். இ-மெடிக்கல் விசாவில் 60 நாள் இருக்கலாம், மூன்று முறை உள்ளே வரலாம். ஆனால் எல்லா நாட்டவருக்கும் இது கிடையாது. மாலத்தீவுக்காரர்கள் 90 நாள் வரை விசா இல்லாமலே வரலாம்.

ஆப்பிரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு ஒரு மஞ்சள் அட்டை உண்டு. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருபவர், கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு தடுப்பூசி போட்டதற்கான சான்று வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கே இறங்கியதும் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஆபரேஷன் தேதி போய்விடும். டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் நான் அந்த அட்டையைத்தான் பார்க்கிறேன்.

வெளிநாட்டவர் வந்து தங்கும் தகவலைத் தங்குமிடக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். அப்பா கார்பன் வைத்து எழுதியது இப்போது ஆன்லைன். உரிமம் இல்லாத வீட்டு மாடியில் மலிவாக அறை என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். அந்தப் பதிவைப் போடாததால் விசா நீட்டிப்பு கேட்கும்போது மாட்டிக்கொள்வது நோயாளிதான்.

தொடவே கூடாதவை

"சொந்தக்காரர் சிறுநீரகம் தருகிறார், பேப்பர் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு போன் உங்களுக்கும் ஒருநாள் வரும். 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011 திருத்தமும் 2014 விதிகளும் இதில் மிகவும் கண்டிப்பானவை. கொடுப்பவர், பெறுபவர் உறவுக்குத் தூதரகத்தின் சான்று வேண்டும், அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். நெருங்கிய உறவாக இல்லாத இந்தியர் ஒருவர் உயிரோடு இருக்கும்போது வெளிநாட்டவருக்கு உறுப்பு தர முடியாது. இந்தத் தாள்களை நோயாளியின் குடும்பமும் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரும் மட்டுமே கையாளட்டும். நீங்கள் ஒரு சான்றிதழைக்கூட 'ஏற்பாடு' செய்யக் கூடாது. விற்கிறவர் எப்போதும் ஏழைதான், அவருடைய உடம்பு அது.

வாடகைத் தாய் கேட்டு வருபவர்களிடம் 2021 சட்டம் வெளிநாட்டவருக்கு அதை அனுமதிப்பதில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது 1994 சட்டப்படி குற்றம்.

கடுகு எண்ணெய்

வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு அம்மா. பையனுக்கு இதய வால்வு ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்துவிட்டான். அந்த அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. எங்கள் அலுவலகப் பையன் இட்லி, தயிர் சாதம், பிரியாணி என்று எல்லாம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். நான் போய் உட்கார்ந்து கேட்டேன். எல்லாவற்றிலும் வேறு எண்ணெய் வாசம் வருகிறது, வீட்டில் கடுகு எண்ணெய்தான் என்றார். அன்றைக்குச் சாயங்காலம் கடுகு எண்ணெய் ஒரு பாட்டில், கத்தரிக்காய், ஆற்று மீன் வாங்கிக்கொண்டு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்குப் போனோம். அவரே சமைத்தார். எண்ணெய் காய்ந்து புகை வரும்போது மூக்கில் ஏறுமே ஒரு காரம், அப்போதுதான் அவர் முகம் இளகியது. பையனுக்கு டாக்டர் சொன்ன பத்தியச் சாப்பாடு, அம்மாவுக்கு இது. அன்றிலிருந்து நாங்கள் பார்க்கும் அறைகளில் அடுப்பு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. லிஃப்ட், மேற்கத்திய கழிப்பறை, ஆம்புலன்ஸ் நுழையும் தெரு எல்லாம் அடுத்தது.

மொழிபெயர்ப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னதை நாம் சொன்ன பிறகு, நோயாளி புரிந்துகொண்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை நாம் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். கெட்ட செய்தியை மென்மையாக்குகிறேன் என்று குறைத்துச் சொல்லும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. குடும்பம் கெஞ்சினாலும் டாக்டரைக் கேட்காமல் மறைக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு, அவர்களும் தமிழ்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே 'வருத்தம்' என்றால் நோய். "எனக்கு மூண்டு வருசமா வருத்தம்" என்று ஒரு ஐயா சொன்னதும் எங்கள் ஊர் நர்ஸ் "கவலைப்படாதீங்க சார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தடிமன் என்றால் சளி, ஏலாது என்றால் முடியாது. இப்படி ஐம்பது சொற்களை எழுதி வார்டில் ஒட்டக் கொடுத்தோம், நன்றாகப் பயன்பட்டது.

திரும்பிப் போகும் நாள்

என் தவறு ஒன்றை இங்கே சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. தொடங்கிய இரண்டாம் வருடம். விழித்திரை விலகிய ஒருவர் அவசரமாக வந்தார். ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் திரும்ப டிக்கெட் போட்டிருந்தேன். விழித்திரை ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தார்கள். அந்த வாயு கரையும் வரை விமானத்தில் ஏறக் கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து வாயு விரியும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். வாயுவின் வகையைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். டாக்டர் டிஸ்சார்ஜில் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் கடைக்காரர். ஊரில் கடை பூட்டிக் கிடந்தது. ஆறு வாரம் கூடுதலாகத் தங்கினார். அறை வாடகையை நான் ஏற்றுக்கொண்டேன், ஆனால் பூட்டிய கடைக்கு என்ன ஈடு கொடுக்க முடியும்? முன்பே நான் டாக்டரிடம் இவர் விமானத்தில் திரும்ப வேண்டியவர் என்று எழுதிக் கொடுத்திருந்தால், வாயுவுக்குப் பதில் சிலிகான் ஆயில் வைக்க முடியுமா என்று அவர் யோசித்திருக்கலாம். ஆயிலோடு பறக்கலாம், ஆனால் பிறகு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும். எதுவானாலும் முடிவு நோயாளியின் கையில் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபைலின் முதல் பக்கத்திலும் 'விமானத்தில் திரும்புகிறார், எப்போது பறக்கலாம்?' என்று சிவப்பில் எழுதி டாக்டரிடம் பதில் வாங்குகிறோம். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக மட்டுமே எடுக்கிறோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். இங்கே விற்கும் பெயரில் அங்கே கிடைக்காது. அடுத்த பரிசோதனையை எந்த ஊர் டாக்டர் செய்வார் என்பதும் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

சிலர் திரும்பிப் போவதில்லை. இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லித்தர மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். நோயாளி இங்கே இறந்துவிட்டால் மருத்துவமனையின் இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று, அவர் நாட்டுத் தூதரகத்தின் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட், விமானக் கம்பெனியின் சரக்குப் பிரிவில் முன்பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம். மொழி தெரியாத ஊரில், அழுதுகொண்டிருக்கும் ஒரு மனைவியால் இதைச் செய்ய முடியாது. நீங்கள்தான் செய்ய வேண்டும், கட்டணம் இல்லாமல். எந்த அலுவலகம் எந்தக் கிழமை திறந்திருக்கும் என்ற பட்டியலை முதல் நோயாளி வருவதற்கு முன்பே தயாராக வைத்திருங்கள்.

வளர்வது

2020 மார்ச்சில் சர்வதேச விமானங்கள் நின்றபோது எங்கள் பொறுப்பில் 31 பேர் சென்னையிலும் வேலூரிலும் மாட்டிக்கொண்டார்கள். வருமானம் இல்லை, செலவு மட்டும். அறைக்காரர்கள் பாதி வாடகைக்கு ஒத்துக்கொண்டார்கள். சிறப்பு விமானம் வந்து கடைசி ஆள் ஏறும் வரை அலுவலகத்தை மூடவில்லை. அந்த 31 குடும்பங்கள் பின்னால் அனுப்பியவர்கள்தான் இன்றைக்கும் எங்களிடம் வருபவர்களில் பெரும் பகுதி. விளம்பரத்துக்கு நான் செலவழித்த பணம் எதுவும் அந்த அளவுக்கு ஆட்களைக் கொண்டு வந்ததில்லை.

ஆனால் 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறி, விசா மையங்கள் மூடி, பிறகு மெடிக்கல் விசா குறைந்த எண்ணிக்கையில் மட்டும் கிடைத்தபோது, ஒரே நாட்டை நம்பியிருந்ததன் விலை தெரிந்தது. தொடக்கத்தில் ஒரு நாடு போதும் என்றேன். மூன்றாம் வருடத்திலிருந்து இரண்டாவது நாட்டுக்கு ஆள் எடுக்கத் தொடங்குங்கள். நான் பத்து வருடம் தாமதித்தேன். இப்போது மாலத்தீவு, யாழ்ப்பாணம், கிழக்கு ஆப்பிரிக்கா மூன்றையும் பார்க்கிறோம். மாலத்தீவில் 2012-லிருந்து ஆசந்தா என்ற அரசுக் காப்பீடு இருக்கிறது. அவர்களோடு ஒப்பந்தம் உள்ள வெளிநாட்டு மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு அது பணம் தரும் என்பதால் வேலை முறையே வேறு, அனுமதிக் கடிதம் வராமல் எதுவும் நகராது. பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2022 டிசம்பரில் மறுபடி விமானம் விட ஆரம்பித்தது யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குப் பெரிய வசதி, கொழும்பு போய் ஏற வேண்டிய அலைச்சல் குறைந்தது.

புதிய நாட்டுக்கு ஆள் எடுக்கும்போது அந்த நாட்டு மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவரை எடுங்கள். சென்னைக் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களைப் பார்த்ததும் அவர்களையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். மாணவர் விசாவில் இருப்பவர் வேலை செய்ய அனுமதி கிடையாது, அதனால் அந்த வழி வேண்டாம்.

நோயாளியின் போட்டோவையும் ரிப்போர்ட்டையும் விளம்பரத்தில் போடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து எங்கள் போன்களில் இருக்கும் ரிப்போர்ட்டுகளை அழித்துவிடுகிறோம், ஃபைல் அலமாரியில் ஒரு பிரதி மட்டும்.

அந்த அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கிறது, அப்பா லாட்ஜில் வைத்திருந்த அதே மாதிரி. திரும்பிப் போனவர்களுக்கு ஏழாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் போன் செய்ய வேண்டிய தேதிகள் அதில் இருக்கும். காலை பத்து மணிக்கு அலுவலகம் திறந்ததும் முதல் வேலை அதுதான். மெயில் பார்ப்பது, புதிய ஃபைல் எடுப்பது எல்லாம் அந்தப் பக்கத்துப் பெயர்கள் முழுவதும் டிக் அடித்த பிறகு.